பாட் போட்ட கேக்

எங்க டீமில் ஒருவருக்கு அஞ்சு வருஷம் நிறைவு. ஸ்லாக்கில் பாட் ஒரு கேக் படம் போட்டது, முப்பது பேர் எமோஜி தட்டினார்கள், முடிந்தது. அந்த பாட் நான் எழுதினதுதான். அதனால் திட்டும் உரிமை உண்டு. அதற்குத் தெரிந்தது பெயரும் சேர்ந்த தேதியும் மட்டுமே. ராத்திரி ரெண்டு மணிக்கு விழுந்த சர்வரைத் தூக்கி நிறுத்தினது யாருன்னு அதுக்கு எப்படித் தெரியும்? ஆபீஸில் கேக் வெட்டும்போது அந்தக் கதையை யாராவது சொல்லிவிடுவார்கள். ரிமோட்டில் கதை போச்சு.

1972 பணிக்கொடைச் சட்டமும் தேதியைத்தான் பார்த்தது. ஆனால் அஞ்சு வருஷம் முடித்தவர் போகும்போது வருஷத்துக்கு 15 நாள் சம்பளமாவது கொடுத்தது.

இப்போது, மேனேஜர் மூணு வரி எழுதாவிட்டால் வாழ்த்து போகாதபடி ஸ்கிரிப்டை மாற்றியிருக்கிறேன். இந்த மாசம் நாலு பேருக்கு இன்னும் போகவில்லை.