காலைவிட்டு அகலாத பந்து

பந்தை உதைக்க எந்தக் குழந்தைக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. உதைத்த பந்து தன்னைவிட்டுப் போகாமல் பார்த்துக்கொள்வதுதான் வித்தை. கால்பந்தில் டிரிபிளிங் என்கிறோமே, அதன் சாரம் அவ்வளவுதான்: பந்தோடு ஓடவும் வேண்டும், பந்து காலைவிட்டு அகலவும் கூடாது. இதை ஐந்து வயதுப் பிள்ளைக்கு எப்படி விளக்குவது? விளக்கவே முடியாது. விளக்காமலே அதைக் கற்றுத்தரும் பயிற்றுநர்களைச் சிங்கப்பூரின் திடல்களில் வார இறுதிக் காலைகளில் பார்க்கலாம். அவர்கள் கையில் இருப்பவை சில விளையாட்டுகள். அவை எவ்வளவு நுட்பமாகச் செய்யப்பட்டவை என்பது நின்று கவனித்தால்தான் தெரியும்.

போக்குவரத்து விளக்கு ஆட்டத்தையே எடுத்துக்கொள்வோம். "பச்சை" என்றால் பந்தோடு ஓட வேண்டும், "சிவப்பு" என்றால் பந்தின்மேல் பாதத்தை வைத்து நிற்க வேண்டும். பார்ப்பதற்கு நர்சரி விளையாட்டு. ஆனால் பந்தைப் பத்தடி முன்னால் தட்டிவிட்டு அதன் பின்னால் ஓடும் பிள்ளை, "சிவப்பு" என்று கேட்டதும் என்ன செய்வான்? கால் நின்றுவிடும், பந்து நிற்காது. அடுத்த முறை அவனாகவே தட்டைக் குறைக்கிறான். ஒரே எட்டில் எட்டிவிடும் தூரத்தில் பந்து இருந்தால்தான் நிறுத்த முடியும் என்பதை யாரும் வாயால் சொல்லவில்லை. நாலைந்து "சிவப்பு"க்குள் கால் அதைக் கண்டுபிடித்துவிடுகிறது.

இதைவிட நயமான ஒரு மாற்றம் உண்டு. கொஞ்ச நேரம் போனதும் கோச் பேசுவதை நிறுத்திவிடுவார். வாயைத் திறக்காமல் பச்சைச் சட்டையையோ சிவப்புச் சட்டையையோ உயர்த்திக் காட்டுவார். அவ்வளவு நேரம் காதால் ஆடிய பிள்ளைகள் இப்போது கண்ணால் ஆட வேண்டும். பந்தை மட்டும் பார்த்துக் குனிந்து ஓடியவர்கள் தலையைத் தூக்கியாக வேண்டும். டிரிபிளிங்கில் மிகக் கடினமான பாடம் இதுதான். பதினைந்து வயதுப் பையன்களிடம் "தலையைத் தூக்கு, தலையைத் தூக்கு" என்று தொண்டை வற்றக் கத்தும் பயிற்றுநர்கள் இருக்கிறார்கள். இங்கே ஒரு துணி அதைச் செய்துவிடுகிறது. ஒரு சிறுமி பந்தை ஒரு தட்டுத் தட்டிவிட்டு நிமிர்ந்து பார்க்கிறாள், மறுபடி குனிகிறாள், மறுபடி நிமிர்கிறாள். அந்தத் தலையசைவில் ஒரு தாளம் கூடிவரும் கணம் இருக்கிறதே, அதற்காகவே வெயிலில் நிற்கலாம்.

இன்னும் சின்னஞ்சிறுசுகளுக்கு உடலுறுப்பு ஆட்டம். "முழங்கால்!" என்றதும் பந்தை முழங்காலால் தொட்டு நிறுத்த வேண்டும், பிறகு முழங்கை, வயிறு, கடைசியில் எல்லாரும் காத்திருக்கும் "பின்பக்கம்!" பந்தின்மேல் உட்கார்ந்து உருண்டு விழுந்து சிரிப்பதற்கு இடையில், பந்தைப் பக்கத்திலேயே வைத்திருக்கும் பழக்கம் ஒட்டிக்கொள்கிறது.

என் மனத்துக்கு மிக நெருக்கமானது ஐஸ் அண்ட் வாட்டர். சிங்கப்பூர்ப் பிள்ளைகள் எல்லாருக்கும் தெரிந்த ஆட்டம். பிடிப்பவர் தொட்டால் உறைந்து நிற்க வேண்டும், தோழன் வந்து தொட்டால் உருகி ஓடலாம். பயிற்றுநர்கள் இதில் பந்தைச் சேர்த்துவிட்டார்கள். உறைந்தவன் தன் பந்தைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்து, காலை அகட்டி நிற்பான். இன்னொருவன் தன் பந்தை அந்தக் கால்களுக்கு நடுவே தட்டி அனுப்பினால் அவனுக்கு விடுதலை. ஒரே ஆட்டத்தில் எத்தனை வேலை பாருங்கள்: துரத்துபவனிடமிருந்து தப்ப வேண்டும், உறைந்த நண்பன் எங்கே என்று தேட வேண்டும், குறுகிய வாசலுக்குள் பந்தைக் குறிபார்த்து அனுப்ப வேண்டும், மறுபக்கம் ஓடி அதை மீண்டும் பிடிக்க வேண்டும். இத்தனையையும் பயிற்சி என்று சொல்லிச் செய்யச் சொன்னால் எந்தப் பிள்ளையும் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். நண்பனைக் காப்பாற்றப் போகிறோம் என்பதால் மூச்சிரைக்கச் செய்கிறது.

இந்த ஆட்டத்தில்தான் ஏய்ப்பு பிறக்கிறது. இடத்தோளைச் சாய்த்துவிட்டு வலப்பக்கம் பாய்வது, வேகமாக வந்து சட்டென்று நிற்பது, கண்ணை ஓரிடத்தில் வைத்துக் காலை இன்னோரிடத்துக்குக் கொண்டுபோவது, இவையெல்லாம் ஓடிப்பிடித்து விளையாடிய எல்லாக் குழந்தைக்கும் ஏற்கெனவே தெரிந்தவை. ஞாயிற்றுக்கிழமை மாலை சிராங்கூன் சாலையின் அஞ்சடி நடைபாதையில், பூக்கடைக்கும் காய்கறிக் கூடைகளுக்கும் கூட்டத்துக்கும் இடையே அம்மாவின் கையை உதறிவிட்டு ஓடும் பிள்ளையைப் பாருங்கள். யார்மீதும் மோதுவதில்லை. தோளைத் திருப்பி, இடுப்பை ஒடித்து, இரண்டு பேருக்கு நடுவே உள்ள இடைவெளி மூடுவதற்குள் நுழைந்துவிடுகிறது. உடம்புக்கு அந்த அறிவு இருக்கிறது. பந்தை அதோடு கோத்துவிடுவது மட்டுமே பயிற்றுநரின் பணி.

இந்த ஊருக்கு டிரிபிளிங்கில் பெருமைப்பட நியாயம் உண்டு. லிட்டில் இந்தியாவிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் ஜாலான் புசார் விளையாட்டரங்கம் இருக்கிறது. 1929-இல் திறக்கப்பட்டது, புதுப்பிக்கப்பட்டுச் செயற்கைப் புல்லோடு 2003-இல் மீண்டும் திறந்தது. சிங்கப்பூர்க் கால்பந்தின் தாய்வீடு அது. 1977-இல் மலேசியக் கிண்ணத்தை வென்ற அணியின் டோல்லா காசிமை ரசிகர்கள் 'கெலெக் கிங்' என்று கொண்டாடினார்கள். இடுப்பை ஆட்டி எதிரியைத் திசைதிருப்புவதில் மன்னர் என்று பொருள். 2010-இல் அவர் மறைந்தபின் இளம் ஆட்டக்காரர்களுக்கு அவர் பெயரில் ஒரு விருது ஏற்பட்டது. அவருக்குப் பின்வந்த வி.சுந்தரமூர்த்தி, 'டேஸ்லர்' என்று பெயர் வாங்கியவர், சுவிட்சர்லாந்தின் பாசல் அணிவரை போய் ஆடியவர், பிற்காலத்தில் தேசிய அணியின் பயிற்றுநர். எதிரில் நிற்பவரை ஒரு கணம் தயங்கவைத்து, அந்தத் தயக்கத்தின் ஊடே போய்விடுவதுதான் இப்படிப்பட்டவர்களின் கலை. அதே தயக்கத்தை இன்றும் காணலாம், சுறாமீன்-குட்டிமீன் என்ற ஓடிப்பிடி ஆட்டத்தில் ஆறு வயதுச் சுறாமீன் ஒன்று ஏழு வயதுக் குட்டிமீனைப் பிடிக்கப் பாய்ந்து ஏமாறும்போது.

கூம்புகளை வரிசையாக வைத்து வளைந்து வளைந்து போகச் சொல்லும் பயிற்சியை நான் குறைகூறவில்லை. ஹாலந்து நாட்டின் வீல் கூர்வர், 1970-களில் இந்தோனேசியாவுக்கும் வந்து பயிற்சியளித்தவர், பெரிய ஆட்டக்காரர்களின் அசைவுகளைப் பிரித்து எடுத்துத் திரும்பத் திரும்பச் செய்யவைத்துக் கற்றுக்கொடுக்கலாம் என்று நிரூபித்தார். பத்துப் பன்னிரண்டு வயதில் அது பொன்னான வழி. ஆனால் ஐந்து வயதில் கூம்பு நகராது, ஏமாறாது, துரத்தாது. எட்டுப் பிள்ளைகள் ஒரு வரிசையில் நின்றால் பத்து நிமிடப் பயிற்சியில் ஒருவருக்குக் கிடைப்பது ஒரு நிமிடமும் சொச்சமும்தான். மீதி நேரம் முன்னால் நிற்பவனின் சட்டையை இழுப்பதில் போகும். ஆளுக்கொரு பந்து, எல்லாரும் ஒரே நேரத்தில் ஓட்டம் என்பதே இந்த வயதுக்குச் சரி.

தோற்றவனை வெளியே உட்காரவைக்கும் ஆட்டங்களும் இந்த வயதுக்கு ஆகாது. ஒரு கட்டத்துக்குள் ஒருவர் பந்தை மற்றவர் தட்டிவிடும் ஆட்டத்தில் முதலில் வெளியேறுவது யார்? அதிகப் பயிற்சி தேவைப்படும் பிள்ளைதான். நல்ல கோச் அந்தப் பிள்ளையை ஓரத்தில் பந்தின் தலையில் பத்து முறை மாறி மாறிக் கால் வைக்கச் சொல்லி உடனே உள்ளே அனுப்பிவிடுவார். மிகச் சிறிய ஏற்பாடு இது. ஆனால் ஒரு பிள்ளை அடுத்த வாரமும் ஆட வருமா, வராதா என்பதே இதில் இருக்கிறது.

பந்தின் அளவையும் சொல்ல வேண்டும். பெரியவர்கள் ஆடும் ஐந்தாம் எண் பந்து 410 முதல் 450 கிராம் எடை, சுற்றளவு 68 முதல் 70 செ.மீ. சிறுவர்களின் மூன்றாம் எண் பந்து சுமார் 300 கிராம், சுற்றளவு 60 செ.மீ.க்குள். அண்ணனின் பந்தை வைத்துப் பழகும் குழந்தை அதைத் தள்ளும், அவ்வளவுதான். தன் அளவுப் பந்து கிடைத்தால் வருடும். பாதத்தின் வெளிப்புறத்தால், கால்விரல்களைச் சற்றுக் கீழ்நோக்கி உட்புறமாகச் சாய்த்து, ஓட்டத்தின் எட்டு உடையாமல் பந்தை முன்னே நகர்த்துவது ஒரு நளினம். அது சிறு பந்தில்தான் முதலில் வாய்க்கும்.

தரையும் கற்றுத்தருகிறது. மழைக்குப்பின் நீர் தேங்கிய புல்லில் பந்து தயங்கி நிற்கும், அழுத்தித் தட்ட வேண்டும். மின்னல் எச்சரிக்கை ஒலித்துக் கூரையுள்ள சிமெண்டுத் தளத்துக்கு எல்லாரும் மாறினால் அதே தட்டில் பந்து பறந்துவிடும். இரண்டு தரையிலும் ஆடிய கால் மென்மைக்கும் அழுத்தத்திற்கும் இடையிலுள்ள படிகளை அறிந்துகொள்கிறது. அடுக்குமாடிப் புளோக்குகளின் கீழ்த்தளங்கள் இதற்கு ஏற்ற இடம். ஆனால் அங்கே பல இடங்களில் பந்தாடத் தடை எழுதியிருக்கிறது. 2016-இல் குவீன்ஸ்டவுனில் ஒரு கீழ்த்தளத்தில் பந்தாட்டத்தைத் தடுக்கவே இரும்புக் கம்பிகள் நடப்பட்டன. மேலே குடியிருப்பவர்களின் தூக்கமும் முக்கியம்தான். ஆனாலும் மூன்றாம் எண் பந்தை மெல்ல உருட்டி ஆடும் சின்னப் பிள்ளைகளுக்கு மாலையில் ஒரு மணி நேரம் விட்டுக்கொடுக்கலாம் என்றே நினைக்கிறேன்.

கோட்டுக்கு வெளியே நிற்கும் அப்பா அம்மாக்களுக்கு ஒரு வேண்டுகோள். "அடி, அடி", "பாஸ் பண்ணு" என்று கத்தாதீர்கள். ஏழு வயதுவரை பந்து பிள்ளையிடமே இருக்கட்டும். இழந்தால் இழக்கட்டும், துரத்திப் போய் மீட்டுக்கொள்வான். வீட்டுக்கு வந்ததும் எத்தனை கோல் என்று கேட்காமல், இன்று யாரை ஏமாற்றினாய் என்று கேளுங்கள்.