அடிக்கட்டை யார் கணக்கில்?

சீமைக் கருவேலத்தை ஒழிக்க, வெட்டும் உரிமையை ஏலம் விடுவதைவிடச் சிறந்த வழியில்லை என்ற வாதம் இப்போது பலமாகக் கேட்கிறது. அரசுக்குச் செலவில்லை, ஊராட்சிக்கு வருமானம், வெட்டுகிறவர்களுக்குக் கூலி, ஏரிக்கு விடுதலை. மேடையில் பேச இதைவிட வசதியான திட்டம் கிடைக்காது. தமிழக அரசு 2022இல் அயல் தாவரங்களுக்கென்று தனிக் கொள்கையே வெளியிட்டுவிட்டது. வைகோ 2015இல் மதுரைக் கிளையில் தொடுத்த வழக்கிலிருந்து உயர் நீதிமன்றமும் அதிகாரிகளை விரட்டிக்கொண்டிருக்கிறது. விரட்டப்படுகிற அதிகாரிக்கு ஏலம் ஒரு வரம். ஆனால் இந்த முள்ளைச் சாகவிடாமல் காப்பதே ஏலம்தான் என்பது என் நெடுநாள் எண்ணம்.

அகற்ற வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. முள் அடைத்த ஏரியில் தண்ணீர் நிற்க இடமில்லை, வரத்து வாய்க்காலில் ஓட வழியில்லை. கோடியக்கரையில் வெளிமான் மேயும் புல்வெளியையும் குஜராத்தில் பன்னிப் புல்வெளியையும் இது விழுங்கிவருவதைத் துறை சார்ந்தவர்கள் பல ஆண்டுகளாகச் சொல்கிறார்கள். ஏலம் விட்ட ஊர்களில் சில மாதங்களாவது ஏரி கண்ணுக்குத் தெரிகிறது, அதுவும் உண்மை. காமராசர் காலத்தில் வந்த மரம், காற்றிலிருக்கும் ஈரத்தையும் உறிஞ்சிவிடும் என்ற கதைகள் மட்டும் வேண்டாம். காமராசர் பிறப்பதற்கு முன்பே, 1877இல், வெள்ளைக்கார வனத்துறை கடப்பைப் பக்கம் கமலாபுரத்தில் இதை நட்டுவிட்டது. எதிரியைப் பெரிதாக்கிக் காட்டும் கதைகளால் வெட்டும் வேகம்தான் கூடுகிறது. வெட்டிய பிறகு என்ன என்று கேட்கும் பொறுமை வருவதில்லை.

பனமலையை எடுத்துக்கொள்வோம். ராஜசிம்மப் பல்லவன் கட்டிய தாளகிரீசுவரர் கோயிலுக்கு, பார்வதி ஓவியத்தைப் பார்க்க ஆட்கள் வருகிறார்கள். மலைமேல் நின்றால் கீழே பெரிய ஏரி. திருவண்ணாமலைப் பக்கம் கீரனூரில், துரிஞ்சலாற்றிலிருந்து பிரியும் நந்தன் கால்வாய், வழியிலுள்ள ஏரிகளுக்கெல்லாம் தண்ணீர் காட்டிவிட்டு இங்கே வந்து முடிகிறது. கால்வாய்க் கரையில் காய்த்து உதிரும் சீமைக் கருவேல நெற்றும் அதே தண்ணீரில் மிதந்து வரும். கடைசி ஏரியை மட்டும் வழித்துச் சுத்தம் செய்வதில் என்ன பயன் என்று கேட்கலாம். கேள்வி நியாயம்தான், ஆனால் அதைவிட அடிப்படையான கோளாறு ஏலத்துக்குள்ளேயே இருக்கிறது.

ஏலம் எடுப்பவர் எதற்கு விலை கொடுக்கிறார்? விறகுக்கு. செங்கல் சூளைக்கும் கரி மூட்டத்துக்கும் டன் கணக்கில் போகும் மரத்துக்கு. அது தரைக்கு மேலே இருக்கிறது. மரத்தின் உயிரோ தரைக்குக் கீழே, அடிக்கட்டையில் உறங்கும் மொட்டுகளில் இருக்கிறது. செஞ்சிப் பக்கத்தில் வெட்டி ஓய்ந்த ஏதாவதொரு ஏரிக்குள் இறங்கிப் பாருங்கள். முழங்கால் உயரத்தில் சாய்வாக அறுத்த கட்டை. பட்டைக்கும் கட்டைக்கும் நடுவிலிருந்து பத்துப் பன்னிரண்டு துளிர், செம்பச்சை நிறத்தில், முள் இன்னும் இறுகாமல் விரலுக்கு வளைந்துகொடுக்கும். ஒரு தண்டு நின்ற இடத்தில் ஒரு புதர். விவசாயி இதைக் கவாத்து என்பார். 3, 4 ஆண்டில் அடுத்த விறகு தயார், அடுத்த ஏலமும் தயார். ராமநாதபுரம் பக்கத்தில் கரிக்காக இந்த மரத்தை வளர்ப்பவர்களும் இதே முறையில்தான் வெட்டுகிறார்கள். அங்கே அதற்குப் பெயர் அறுவடை. அதையே ஏரிக்குள் செய்தால் ஒழிப்பு.

வேர்க்கட்டைக்கும் விலை உண்டே, கனமான கரி தருமே என்பார்கள். முதிர்ந்த மரத்தின் கட்டைக்கு உண்டு; பொக்லைன் வாடகை கட்டுப்படியானால் தோண்டுவார்கள். விரல் தடிமன் கன்றுக்கு யார் விலை வைப்பார்கள்? ஒரு ஏரியில் அடுத்த பத்தாண்டு முள்காடு அந்தக் கன்றுகள்தாம். மண்வெட்டியால் ஒரே கொத்தில் எடுத்துவிடக்கூடியவையும் அவையே. ஒழிக்க மிகவும் எளிதானதையும் மிகவும் அவசரமானதையும் விட்டுவிட்டு, ஏற்கெனவே விதை கொட்டி முடித்த கிழமரத்தை வண்டியில் ஏற்றுகிறது ஏலம். பிறகு மாடு வருகிறது. இனிப்பான நெற்றைத் தின்கிறது. கெட்டித் தோலுள்ள விதை குடலில் பதம் பட்டு, எருவோடு, இயந்திரம் கிளறிப்போட்ட மண்ணில் விழுகிறது. இதைவிட நல்ல நாற்றங்காலை வனத்துறையே போட முடியாது.

ஏரிக்குள் நெய்வேலிக் காட்டாமணக்கும் இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். ஒடிந்த தண்டுத் துண்டிலிருந்து வேர்விடும் செடி அது. இயந்திரம் ஏறி இறங்கினால் ஒன்று நூறாகிறது. அதை ஏலம் எடுக்க ஆள் வராது, ஏனென்றால் அது விறகுக்கு உதவாது.

வெளிநாட்டு அனுபவமும் இதையே சொல்கிறது. எத்தியோப்பியாவின் அஃபார் பகுதியில் கூட்டுறவுச் சங்கங்கள் அமைத்துக் கரி சுட்டு விற்றால் மரம் குறையும் என்று நம்பினார்கள். மரம் பரவுவது நிற்கவில்லை. கரி வியாபாரத்தின் மறைவில் நாட்டு வேல மரங்களும் மூட்டத்துக்குப் போயின. தென்னாப்பிரிக்கா 1995 முதல் அரசுப் பணத்தைக் கொட்டி, ஆள் வைத்து வெட்டியது. அங்கும் வெட்டிய இடத்துக்குத் திரும்பப் போய்த் துளிரைக் கவனிக்காத பகுதிகளில் முள் மீண்டது. பணம் கொடுத்து வெட்டியவர்களுக்கே இந்தக் கதி என்றால், பணம் வாங்கிக்கொண்டு வெட்டவிடுகிற நாம் எதை எதிர்பார்க்கிறோம்?

முதுமலையில் மஞ்சள் கொன்றை என்ற அயல் மரத்தை வெட்டிக் காகித ஆலைக்கு அனுப்புவதைச் சிலர் எதிர்வாதமாகக் காட்டுகிறார்கள். அங்கே காட்டைக் கவனிக்க நிரந்தரமாக ஒரு துறையும் வேட்டைத் தடுப்புக் காவலர்களும் இருக்கிறார்கள். ஊராட்சி ஏரிக்கு யார் இருக்கிறார்கள்? ஏலத்தொகை வந்ததும் கோப்பு மூடப்படுகிறது. ‘அகற்றப்பட்டது’ என்று எத்தனை ஹெக்டேர் எழுதினார்களோ அது அறிக்கையில் அப்படியே நிற்கும். அதே ஹெக்டேர் 4 ஆண்டு கழித்து மறுபடி ஏலத்துக்கு வரும்போது இன்னொரு சாதனையாகச் சேரும். அரசின் கொள்கைப் பெயரிலேயே சூழல் மீட்பு இருக்கிறது. களத்தில் நான் பார்த்த ஏலங்களில் மீட்புக்கென்று ஒரு வரியும் இல்லை.

கடுமையாகச் சொல்கிறேன் என்று நண்பர்கள் குறைப்படுகிறார்கள். சரி, ஏலத்தை ஒழிக்க வேண்டாம், நிபந்தனையை மட்டும் மாற்றிப் பார்க்கட்டும். விறகின் எடைக்கு ஏலம் விடாமல், கட்டையும் கன்றும் இல்லாத தரைக்கு ஒப்பந்தம் போடட்டும். வைப்புத் தொகையில் பாதியை இரண்டு மழைக்காலம் கழித்து, ஏரிப் பாசனச் சங்கத்தார் உள்ளே நடந்து பார்த்துக் கையெழுத்திட்ட பிறகு திருப்பிக் கொடுக்கட்டும். அன்றைக்கு ஏலம் கேட்க எத்தனை பேர் வருகிறார்கள் என்று எண்ணிப் பார்க்க நானும் வருகிறேன்.