மொழியால் அமைந்த பங்கு

ஜாலான் புசார் தொடங்குமிடத்தில் ரோச்சோர் கால்வாயைக் கடந்தால் ஓஃபிர் ரோடு. வெள்ளைச் சுவரும் உயர்ந்த கூர்கோபுரமுமாக அங்கே நிற்கிறது லூர்து மாதா கோயில். சிங்கப்பூரில் தமிழ்க் கத்தோலிக்கருக்கென்றே எழுந்த முதல் கோயில் இது. அரசு கொடுத்த நிலத்தில் 1886-இல் அடிக்கல் நாட்டினார்கள். 1888-இல் ஆயர் காஸ்னியே மந்திரித்துத் திறந்துவைத்தார். பிரெஞ்சுக் குருவான மெனூவ்ரியே சாமியார்தான் பங்குச்சாமி. அதற்கு முன்பு குவீன் ஸ்ட்ரீட்டில் உள்ள பேதுரு பவுல் கோயிலில் சீனர்களோடு சேர்ந்தே தமிழரும் பூசை கண்டார்கள்.

பங்கு என்றால் பொதுவாக ஓர் எல்லைக்குள் வாழும் மக்கள். ஸ்காட்லாந்தின் நாட்டுப்புறத்தில் இந்த எல்லைவழி ஏற்பாடு மிக அழுத்தமாக வேரூன்றியிருந்தது. பங்கு தோறும் பள்ளியும் ஆசிரியரும் வேண்டும், செலவை நிலக்கிழார்கள் ஏற்க வேண்டும் என்று 1696-இல் அங்கே சட்டமே போட்டார்கள். ஏழைகளுக்கு உதவி வழங்கும் பொறுப்பும் 1845 வரை பங்குச் சபையிடம்தான் இருந்தது. லூர்து மாதா கோயிலுக்கோ எல்லை என்பது தெருவோ ஊரோ அல்ல, மொழி. தீவில் எங்கே குடியிருந்தாலும் தமிழ்க் கத்தோலிக்கருக்கு 1974 வரை இதுவே பங்குக் கோயில்.

இந்த ஏற்பாட்டின் அருமையை உணர ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். அன்றைய பூசை லத்தீனில் நடந்தது. தமிழுக்கு இடம் கிடைத்தது பிரசங்கத்தில், பாவசங்கீர்த்தனத்தில், ஞானோபதேசத்தில், செபமாலையில். கடல் கடந்து கூலி வேலைக்கு வந்த ஒருவருக்குத் தம் குற்றத்தையும் துயரத்தையும் சொந்த மொழியில் சொல்லி ஆறுதல் பெற ஓர் இடம் இருந்தது. இந்தக் கோயில் செய்த மிகப் பெரிய உதவி அதுதான். கட்டடத்தின் அழகெல்லாம் அதற்குப் பிறகே.

குறைகளும் சிறியவை அல்ல. 1910-இல் திருஇருதயக் கோயில் கண்டோனியருக்கும் ஹக்காவினருக்கும் என்று அமைந்தது. சிராங்கூனின் மாதா பிறப்புக் கோயில் தியோச்சியுக்காரர்களுடையது. ஒரே விசுவாசம் கொண்டவர்கள், ஒரே நகரத்தில், ஆளுக்கொரு கோயிலில் மண்டியிட்டார்கள். பக்கத்து வீட்டுக் கத்தோலிக்கரைக் கோயிலில் ஒருநாளும் காணாமலே வாழ்ந்துவிட முடிந்தது. செம்பவாங் கடற்படைத் தளத்தில் வேலை பார்த்த தமிழருக்கு அவசரத்துக்குப் பங்குச்சாமியை அழைப்பதென்றால் தீவின் மறுகோடிக்கு ஆள் அனுப்ப வேண்டியிருந்தது. பிறகு அடுக்குமாடி வீடுகள் மக்களைத் தீவெங்கும் பரப்பின. மொழிவழிப் பங்கு தாக்குப்பிடிக்க முடியாத நிலை வந்தது.

ஆகவே 1974-இல் எல்லைவழிப் பங்குக்கு மாறியது சரியான முடிவே. ஆனால் காலம் கொஞ்சம் கொடுமையாக அமைந்தது. இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகுதான் தமிழ் பலிபீடத்திலேயே ஏறியது. அடுத்த பத்தாண்டுக்குள் தமிழருக்கென்று இருந்த பங்கு பொதுப் பங்காகிவிட்டது. ஒவ்வொரு பேட்டையிலும் ஒரு சில தமிழ்க் குடும்பங்கள். அவர்களுக்கு வசதியானது ஆங்கிலப் பூசை. பிள்ளைகளின் மறைக்கல்வியும் ஆங்கிலத்துக்குப் போயிற்று.

ஜாலான் புசாரை ஒட்டிய கம்போங் காப்பூர் மெதடிஸ்ட் சபை வேறு வழி காட்டுகிறது. பாபா மலாய் பேசிய பெரனாக்கான் சீனர்களுக்காக 1894-இல் தொடங்கிய சபை அது. இன்று அதே கூரையின்கீழ் ஆங்கிலம், மாண்டரின், தமிழ் ஆராதனைகளும் நடக்கின்றன. கோயில் எல்லாருக்கும் பொதுவாக இருக்க, ஒவ்வொரு மொழிக்கும் தனி வேளையும் தனிப் பொறுப்பாளரும் இருக்க முடியும் என்பதற்கு அது கண்முன் உள்ள சான்று.

லூர்து மாதா கோயில் 2005-இல் தேசிய நினைவுச் சின்னமானது. கோபுரத்துக்குச் சட்டப் பாதுகாப்பு கிடைத்துவிட்டது. ஞாயிறு தமிழ்ப் பூசையும் நடக்கிறது. ஆனால் சிங்கப்பூர்வாசிகளில் வீட்டில் தமிழை அதிகம் பேசுவோர் 2010-இல் 3.3 விழுக்காடு, 2020-இல் 2.5 விழுக்காடு. தமிழ்ப் பூசையைப் புதிதாக வந்தவர்களின் தேவை என்று உள்ளூர்க் குடும்பங்கள் ஒதுக்கிவிடக் கூடாது. மாதத்தில் ஒரு ஞாயிறாவது பிள்ளைகளை அங்கே அழைத்துச் செல்லுங்கள். வாசகத்தை அவர்களே தமிழில் வாசிக்கட்டும்.