பதினைந்து பங்கு இடைவெளி

கோவையில் பழைய அம்பாசிடரைத் திறந்துவைத்து டேப்பட் பார்க்கும் மெக்கானிக் கிடைத்தால் நான் நின்றுவிடுவேன். 1489 சிசி பெட்ரோல் எஞ்சினில் ராக்கர் ஆர்முக்கும் வால்வுத் தண்டுக்கும் நடுவே அங்குலத்தில் ஆயிரத்தில் 15 பங்கு, அதாவது சுமார் 0.38 மில்லிமீட்டர் இடைவெளி வேண்டும். எந்த வால்வை எப்போது பார்ப்பது? கூட்டுத்தொகை 9 என்று வைத்துக்கொண்டால் போதும். எட்டாவது வால்வு முழுக்க அமுங்கி நிற்கும்போது முதலாவது. ஆறாவது அமுங்கினால் மூன்றாவது. அழகான கணக்கு.

ஃபீலர் கேஜ் தகட்டை உள்ளே விட்டு இழுத்துப் பார்க்கிறார். "லேசாப் புடிக்கோணுங்க, அவ்வளவுதானுங்." வித்தையே அதற்குப் பிறகுதான். ஸ்க்ரூடிரைவரால் இடைவெளியை மாற்றும் திருகை அசையாமல் பிடித்துக்கொண்டு ஸ்பேனரால் லாக் நட்டை இறுக்குகையில், திருகும் கூடவே மயிரிழை திரும்பிவிடும். அதனால் இறுக்கிய பின்னும் தகடு ஒருமுறை உள்ளே போகும்.

இடைவெளி கூடினால் டக் டக்கென்று சத்தம். குறைந்தால் சத்தமே வராது. எக்ஸாஸ்ட் வால்வு சரியாக உட்காராமல், ஊட்டி மலை ஏறுகையில் கருகும். சத்தமில்லாத வண்டியைப் பெருமையாகப் பேசுகிறவர்களுக்கு இது புரிவதில்லை.

ஹைட்ராலிக் டேப்பட் உள்ள வண்டிகளுக்கு இந்த வேலையே கிடையாது. இந்த அம்பாசிடரில் இன்னும் ராக்கர் கவரை மூட வேண்டும். கார்க் கேஸ்கெட் சரியாக உட்காராவிட்டால் ஆயில் கசியும்.