ஆனியன் ரிங்ஸும் ஏர் ஃப்ரையரும்: எண்ணெய் எங்கே இருக்கிறது?

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஃப்ரீசரிலிருந்து எடுக்கும் ஆனியன் ரிங்ஸை ஏர் ஃப்ரையர் நன்றாகவே செய்கிறது. கடாயில் பொரித்ததைப் பக்கத்தில் வைத்துச் சாப்பிட்டால் ருசியில் கடாய்தான் ஒரு படி மேல். அந்த ஒரு படிக்காக அரை லிட்டர் எண்ணெயைக் காய்ச்ச வேண்டுமா என்ற கேள்விக்கு எங்கள் வீட்டில் வேண்டாம் என்றே முடிவாகிவிட்டது. ஆனால் இதே கருவியில் வெங்காய பஜ்ஜியும் போடலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஒன்று ஏன் வருகிறது, மற்றது ஏன் வரவில்லை என்று தெரிந்துகொண்டால் இந்தக் கருவியை வாங்கலாமா என்பதும் தெரிந்துவிடும்.

என்னிடம் இருப்பது 4 லிட்டர் கூடை வைத்த, 1400 வாட் ரகம். 80 டிகிரி முதல் 200 டிகிரி வரை வைக்கலாம். மேலே ஒரு காயில், அதற்கும் மேலே ஒரு விசிறி, கீழே ஓட்டை போட்ட கூடை, அவ்வளவுதான் உள்ளே இருப்பது. காயில் சூடாக்கும் காற்றை விசிறி கூடையைச் சுற்றி வேகமாக ஓட்டுகிறது. சின்னப் பெட்டிக்குள் பலமாகக் காற்றடிக்கும் ஓவன் என்று சொல்லலாம். நெதர்லாந்துக்காரரான ஃபிரெட் வான் டெர் வைய் உருவாக்கிய இந்த வடிவத்தை 2010-ல் பெர்லின் கண்காட்சியில் பிலிப்ஸ் அறிமுகப்படுத்தியது. விசிறி வைத்த அடுப்பு அதற்கும் வெகு முன்னாலேயே வந்துவிட்டது. 1945 வாக்கில் அமெரிக்காவில் வில்லியம் மேக்ஸன் என்பவர், விமானத்தில் போகிறவர்களுக்கு உறைந்த சாப்பாட்டைச் சூடாக்கித் தருவதற்காக அப்படி ஓர் அடுப்பைச் செய்தார். உறைந்த உணவுக்கும் இந்தக் காற்றடுப்புக்கும் உள்ள பொருத்தம் அன்றே தொடங்கியது.

முதல் தடவை ரிங்ஸ் செய்து முடித்துக் கூடையை வெளியே இழுத்தபோது, பக்கத்தில் நின்ற அத்தை கூடைக்குக் கீழே உள்ள தட்டில் விரலை வைத்துத் தேய்த்துப் பார்த்தார். "ஒரு சொட்டு எண்ணெய்கூட ஊத்தலன்னு சொன்னியேம்மா, இது எங்கேருந்து வந்துச்சு?" என்றார். உதிர்ந்த பிரெட் தூளுக்கு நடுவே மெல்லிய எண்ணெய்ப் படலம் பளபளவென்று இருந்தது. இதைவிட நல்ல கேள்வியை இந்தக் கருவியைப் பார்த்து யாரும் கேட்டதில்லை.

பதில் பாக்கெட்டில் இருக்கிறது. தொழிற்சாலையில் வெங்காய வளையத்தை மாவில் முக்கி, பிரெட் தூளில் புரட்டி, கொதிக்கும் எண்ணெயில் கொஞ்ச நேரம் போட்டு எடுத்துவிடுகிறார்கள். மேல்தோல் இறுகியதும் உறையவைத்துப் பாக்கெட்டில் அடைக்கிறார்கள். நம் கைக்கு வரும்போதே அது ஒரு முறை பொரிந்த பண்டம். ஏர் ஃப்ரையர் செய்வது இரண்டாவது வேலை: உறைந்ததை இளக்கி, மேல்தோலில் உள்ள ஈரத்தை ஓட்டி, ஏற்கெனவே உள்ள எண்ணெயிலேயே அதை மொறுமொறுப்பாக்குவது. அதனால் 'எண்ணெய் இல்லாத பொரியல்' என்ற விளம்பரத்தை இந்தப் பண்டத்துக்குப் பொருத்திப் பார்க்காதீர்கள். பாக்கெட்டின் பின்பக்கத்தில் 100 கிராமுக்குக் கொழுப்பு எவ்வளவு, சோடியம் எவ்வளவு என்று போட்டிருக்கும். அதுதான் உண்மைக் கணக்கு.

செய்முறைக்கு வருவோம். 200 டிகிரியில் வெறும் கூடையை மூன்று நிமிடம் சூடாக்குங்கள். ரிங்ஸை ஃப்ரீசரிலிருந்து நேராகக் கூடைக்கு மாற்றுங்கள், வெளியே வைத்து இளக விடாதீர்கள். இளகினால் வெங்காயம் தண்ணீர் விடும், பிரெட் தூள் ஊறிப் பிய்ந்துவரும். ஒன்றின்மேல் ஒன்று படாமல் ஒரே அடுக்காக வையுங்கள். என் கூடையில் எட்டோ ஒன்பதோதான் பிடிக்கிறது, நான்கு பேர் உள்ள வீட்டுக்கு இது பெரிய குறை. ஐந்தாவது நிமிடம் திருப்பிப் போட்டு, மொத்தம் ஒன்பது பத்து நிமிடத்தில் எடுத்துவிடலாம். அதற்கு மேல் ஒரு நிமிடம் விட்டாலும் உள்ளே கிளம்பும் ஆவி தோலைக் கிழித்துவிடுகிறது. வெங்காயத்தில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர்தானே! கிழிந்த வளையத்தைக் கடித்தால் வெங்காயம் முழுசாக உருவிக்கொண்டு வந்து, கையில் வெறும் கூடு மட்டும் மிஞ்சும்.

பாக்கெட்டில் போட்டிருக்கும் நேரத்தை அப்படியே நம்ப முடியாததற்கு நம் ஊரில் தனிக் காரணம் உண்டு. கத்திரி வெயில் நாளில் தெரு முழுக்க ஏசி ஓடும் மாலை வேளையில் வோல்டேஜ் இறங்கும். 230 வோல்ட்டில் 1400 வாட் தரும் காயில், 200 வோல்ட்டில் சுமார் 1060 வாட்தான் தரும். சூட்டில் கால் பங்கு போய்விடுகிறது. ஸ்டெபிலைசர் ஓயாமல் கிளிக் கிளிக் என்று சத்தம் போடுகிற மாலை என்றால் இரண்டு மூன்று நிமிடம் கூட்டிவைக்க வேண்டும், ஒரேயடியாகக் கூட்டாமல் நடுவில் இழுத்துப் பார்த்துப் பார்த்துக் கூட்டவேண்டும். இன்னொன்றையும் கவனியுங்கள். 1400 வாட் என்றால் ஆறு ஆம்பியருக்குக் கொஞ்சம் மேலேயே கரண்ட் இழுக்கும். மிக்ஸி போடுகிற 6 ஆம்பியர் பிளக் பாயிண்டில் இதைச் செருகாதீர்கள், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் அறவே வேண்டாம். 16 ஆம்பியர் பாயிண்ட் சமையலறையில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கடைக்குப் போங்கள். மின்செலவு பெரிதில்லை. சூடாக்கும் நேரத்தையும் சேர்த்துக் கால் மணி நேரம் ஓடினால் அதிகபட்சம் 0.35 யூனிட்.

பாக்கெட் வாங்கும்போது குலுக்கிப் பாருங்கள். வளையங்கள் தனித்தனியாகக் கலகலவென்று ஆடினால் நல்ல சரக்கு. கட்டியாக ஒட்டியிருந்தாலோ, உள்ளே பனித்தூள் நிறைய இருந்தாலோ அது எங்கோ ஒரு முறை இளகி மறுபடி உறைந்தது என்று அர்த்தம். நம் வெயிலில் கடையிலிருந்து வீட்டுக்குள் வருவதற்குள்ளேயே பாதி இளகிவிடும். செங்கல்பட்டில் வாங்கி, திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் கொண்டுபோக வேண்டுமென்றால் சுமார் 30 கிலோமீட்டர். தெர்மாகோல் பெட்டி இல்லாமல் அந்த வேலையில் இறங்க வேண்டாம்.

மாமல்லபுரத்தில் என் அக்கா வீட்டிலும் இதே கருவி உண்டு. அங்கே பொரித்த பண்டத்துக்கு முதல் எதிரி கடற்காற்றுதான். எங்கள் வீட்டில் பத்து நிமிடம் தாங்குகிற மொறுமொறுப்பு அங்கே ஐந்து நிமிடத்தில் நமத்துப் போகிறது. எடுத்த ரிங்ஸைத் தட்டில் கொட்டாமல் கம்பி வலைமேல் பரப்பினால் அடிப்பக்கம் வியர்க்காது. கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும். அந்த உப்புக் காற்று கருவியையும் விடுவதில்லை. கூடையின் பூச்சு சுரண்டிப்போன இடத்தில் துரு சீக்கிரம் ஏறும். கம்பி நார் போடாமல் பஞ்சால் தேய்த்து, கழுவிய கையோடு துடைத்துக் காயவைப்பதுதான் கடலோர வீடுகளுக்கு வழி.

இனி பஜ்ஜி. கடலை மாவுக் கரைசலில் முக்கிய வெங்காயத்தைக் கூடையில் வைத்தால் மாவு ஓட்டை வழியே வழிந்து கீழே சொட்டும். மிஞ்சியது வறண்டு, பச்சை மாவு வாசனையோடு தோலாக ஒட்டிக்கொள்ளும். சுடு எண்ணெய் நாலாபக்கமும் ஒரே நொடியில் தொட்டுக் கரைசலை இறுக்குகிறது. காற்று எத்தனை சூடாக இருந்தாலும் அந்த வேகத்தில் சூட்டைக் கடத்தாது. மாமல்லபுரம் கடற்கரையில் மசாலா தடவிய மீனும் மிளகாய் பஜ்ஜியும் போடுகிற கடைகளின் எண்ணெய்ச் சட்டிக்கு இந்தக் கருவி ஒருநாளும் ஈடாகாது. ஆகும் என்று எதிர்பார்ப்பதும் நியாயமில்லை.

பாக்கெட் வேண்டாம், வீட்டிலேயே செய்துகொள்கிறோம் என்பவர்களுக்கு ஒரு வழி சொல்கிறேன். பெல்லாரி வெங்காயத்தைத் தடிமனான வளையமாக நறுக்கி, முதலில் வறண்ட மைதாவில் புரட்டுங்கள். பிறகு மைதாவும் சோள மாவும் கலந்த கெட்டிக் கரைசலில் முக்கி, ரஸ்க் தூளில் அழுத்தி எடுங்கள். இதை அப்படியே ஏர் ஃப்ரையரில் வைத்தால், மேலே எண்ணெய் தடவினாலும் வெளிறிப்போய்த்தான் வரும். தொழிற்சாலை செய்வதையே நாமும் செய்யவேண்டும்: அரை நிமிடம் எண்ணெயில் போட்டு எடுத்து, ஆறவைத்து, தட்டில் பரப்பி உறையவையுங்கள். உறைந்த பிறகு டப்பாவில் போட்டுவிடலாம். அப்புறம் வேண்டும்போது வேண்டிய அளவு எடுத்துக்கொள்ளலாம். உப்பும் காரமும் நம் கையில். இந்த முறையில் செய்தது பாக்கெட் ரிங்ஸைவிட ருசியாகவே இருக்கிறது.

ஆரோக்கியக் கணக்கில் இந்தக் கருவிக்கு நான் தரும் மதிப்பெண் எண்ணெயைக் குறைப்பதற்காக இல்லை, மிச்ச எண்ணெய் என்ற ஒன்றையே இல்லாமல் செய்வதற்காக. எட்டு ரிங்ஸ் பொரிக்க ஊற்றிய அரை லிட்டரை யார் கொட்டுகிறோம்? வடிகட்டி வைத்து அடுத்த வாரம் அப்பளத்துக்கு, அதற்கடுத்த வாரம் பூரிக்கு என்று கருக்கக் கருக்க ஓட்டுகிறோம். திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெயில் சேரும் கேடான சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018 ஜூலை 1 முதல் வரம்பு வைத்திருக்கிறது. கடைகளில் அதை அளந்து பார்க்க ஆள் வரலாம், வீட்டில் யார் அளப்பது? மருமகள், மாமியார், பாட்டி என்று எல்லோரும் மனசாட்சியோடு சேமிக்கிற அந்தக் கறுத்த எண்ணெய்த் தூக்கு எங்கள் சமையலறையிலிருந்து போய்விட்டது. என்னைக் கேட்டால் கொடுத்த காசுக்கு இது ஒன்றே போதும்.

ஆனியன் ரிங்ஸுக்காக மட்டும் வாங்குவதாக இருந்தால் வேண்டாம், பணம் வீண். வாரத்துக்கு இரண்டு மூன்று தடவையாவது பொரித்த பண்டம் கேட்கிற பிள்ளைகள் இருக்கிற வீடென்றால் தாராளமாக வாங்கலாம். 4 லிட்டருக்குக் குறைந்ததை எடுக்காதீர்கள், நான்கு பேருக்கு மேல் என்றால் 6 லிட்டர் பாருங்கள். பாக்கெட்டை எடுக்கும்போது மட்டும் முன்பக்கப் படத்தைவிட்டுப் பின்பக்கத்தைத் திருப்பிக் கொழுப்பையும் சோடியத்தையும் படித்துவிட்டுக் கூடையில் போடுங்கள்.