உறவு என்கிற அட்டவணை

ஸ்ரீமுஷ்ணத்தில் டீக்கடை பெஞ்சில் ஓர் அம்மா கேட்டதிலிருந்து தொடங்குகிறேன். "மாமனாரு பேருல உள்ள நெலத்த எங்கணக்குல சேப்பாங்களா? கூட்டுப் பட்டாங்க அது. அவரு தம்பிங்களுக்கும் பங்கு இருக்குதே."

2023 செப்டம்பரில் கலைஞர் மகளிர் உரிமைத் தொகை தொடங்கியபோது வந்த விதிகளைப் பற்றிய கேள்வி. மாதம் 1000 ரூபாய். குடும்ப வருமானம் ஆண்டுக்கு 2.5 லட்சம், நன்செய் 5 ஏக்கர், புன்செய் 10 ஏக்கர், மின்சாரம் ஆண்டுக்கு 3600 யூனிட், இவற்றைத் தாண்டக்கூடாது. கார் இருக்கக்கூடாது. ஏக்கரும் யூனிட்டும் தொடர் மாறிகள். 'கார் உண்டு, இல்லை' என்பது தனித்த மாறி. ரேஷன் கார்டு, பட்டா, மின் இணைப்பு, வாகனப் பதிவு என்று அட்டவணைகள் பல. கடைசியில் விழுவது ஒரே சொல்: தகுதி உண்டு, இல்லை.

இங்கே தீர்ப்பது எழுதிவைத்த விதி. அதோடு வாதாடலாம், மேல்முறையீட்டுக்கும் வழி வைத்திருந்தார்கள். இதே அட்டவணைகளிலிருந்து விதியை இயந்திரமே கற்றுக்கொண்டால் யாரோடு வாதாடுவது?

'உறவுசார் தரவு' என்ற சொல்லைக் கொஞ்சம் கட்டவிழ்த்துப் பார்க்கணும். 1970இல் எட்கர் காட் தன் தரவுதள மாதிரியில் 'உறவு' என்று குறித்தது அட்டவணையைத்தான். மனுஷங்களுக்கு நடுவே இருப்பதை அல்ல. 1999இல் ஃபிரீட்மன், கெட்டூர், கோலர், ஃபெஃபர் ஆகியோர் அட்டவணைகளின் இணைப்புகளிலிருந்தே கற்கும் முறையை முன்வைத்தார்கள். எல்லாவற்றையும் ஒரே அட்டவணையாகத் தட்டையாக்கினால் இணைப்புகள் சொல்வது தொலைந்துபோகும் என்றார்கள். நியாயமான வாதம். ஆனால் மீட்கப்படுவது அலுவலகம் எழுதிவைத்த இணைப்பு மட்டுமே. ஒருவருக்குப் பல துண்டு நிலம் இருந்தால், கூட்டியோ சராசரி போட்டோ ஒரே எண்ணாக்குகிறார்கள். தம்பிகளின் வாய்ப்பேச்சுப் பங்கு அந்த எண்ணில் கரைந்துவிடும்.

அளவை வகையாக்கும் வெட்டு எங்கே விழுகிறது என்பது கணிதப் பிரச்சினை மட்டுமல்ல, அதிகாரப் பிரச்சினை. தெலங்கானாவில் சமக்ர வேதிகா என்ற அமைப்பு பல துறைப் பதிவுகளைப் பெயர், முகவரி ஒற்றுமை பார்த்து இணைத்தது. ரிக்‌ஷா ஓட்டிய ஒருவரை, பெயர் ஒத்த வேறொருவரின் காருக்குச் சொந்தக்காரராக்கியது. பெயர் எவ்வளவு ஒத்துப்போகிறது என்பது தொடர் அளவு. 'அதே ஆள்தான்' என்பது வெட்டு. அந்த வெட்டில் ஒரு குடும்பத்தின் அரிசி போனது. அந்த மாநிலத்தில் 2016 முதல் ரத்தான சுமார் 19 லட்சம் கார்டுகளை நேரில் மறுஆய்வு செய்ய 2022இல் உச்ச நீதிமன்றம் சொல்ல வேண்டிவந்தது.

மாசி மகத்துக்கு ஸ்ரீமுஷ்ணம் பூவராகர் கிள்ளைக் கடற்கரைக்குப் போகிறார். அங்கே தர்காவினர் வரவேற்று மரியாதை செய்கிறார்கள். கோயிலுக்கு ஒரு பதிவேடு, தர்காவுக்கு ஒரு பதிவேடு. இரண்டையும் சேர்க்கும் எண் எதிலும் கிடையாது. உறவு இருக்கு.

'தரவு பேசும்' என்று வருகிறவர்களிடம் நாம் கேட்க வேண்டியவை மூன்று. இந்த இணைப்பை யார் எழுதினது? வெட்டு யார் கையில்? தப்பாப் போனா அந்தம்மா யார் வாசல்ல போய் நிக்கிறது?