பத்து நிமிடத்தில் பறை ஏறாது

பொங்கலை ஒட்டி நகரங்களில் நடக்கும் கலைவிழாக்களில் பறையாட்டக் குழுவுக்குப் பெரும்பாலும் கிடைப்பது பத்து நிமிடம். சிறப்பு விருந்தினர் வரும்வரை அடிக்கச் சொல்வார்கள். கார் வந்து நின்றதும் கையைக் காட்டி நிறுத்தச் சொல்வார்கள். பார்த்தவர்கள் "செம சத்தம்" என்று பாராட்டிவிட்டுக் கலைவார்கள். சத்தத்தை மட்டும் வைத்து ஒரு குழுவை எடைபோட்டால், அவர்களுடைய உழைப்பில் பாதி நம் கண்ணிலும் காதிலும் விழாமலே போய்விடும்.

முதலில் இடது கையைப் பாருங்கள். தோளில் மாட்டிய பறையின் விளிம்பை அணைத்தபடி, நீளமான மெல்லிய சிண்டுக்குச்சியைப் பிடித்திருப்பது அந்தக் கைதான். வலது கையில் குட்டையான, கனமான அடிக்குச்சி. அதிர வைப்பது அடிக்குச்சி. அடிக்கும் அடிக்கும் நடுவில் உள்ள இடைவெளியைச் சன்னமான சடசடப்பால் நிரப்புவது சிண்டுக்குச்சி. வாத்தியத்தைத் தாங்கிக்கொண்டே அடிக்க வேண்டியிருப்பதால் இடது கைக்கு அசைய இடம் குறைவு. சுமாரான குழுவில் பத்து நிமிடம் போவதற்குள் அந்தக் கை ஓய்ந்துவிடும், வலது கை மட்டும் அடித்துக்கொண்டிருக்கும். தேர்ந்த குழுவில் ஒரு மணி நேரம் கழித்தும் சிண்டுக்குச்சி பேசிக்கொண்டே இருக்கும்.

அடுத்தது அடி மாறும் இடம். ஒத்தையடி, தெம்மாங்கு அடி, சாமிச்சாட்டு, மருள் அடி, டப்பா அடி, சினிமா அடி என்று பறைக்கு அடி வகைகள் பல. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும்போதுதான் குழுவின் பயிற்சி தெரிகிறது. முன்னால் நிற்பவர் ஒரு அடியைச் சற்றே தள்ளிப் போடுவார், அல்லது குச்சியை உயர்த்திக் காட்டுவார். அடுத்த சுற்றில் அத்தனை பேரின் காலும் ஒன்றாக மாற வேண்டும். கால் பிசகினால் கை பிசகும், ஏனென்றால் இங்கே தாளக் கணக்கைக் காலும் சேர்ந்துதான் வைத்திருக்கிறது. மெதுவான நடையில் இதைச் செய்வது வேகத்தில் செய்வதைவிடக் கடினம். வேகத்தில் சின்னப் பிசகுகளை ஆரவாரம் மூடிவிடும். மெது நடையில் ஒளிந்துகொள்ள இடமே கிடையாது. அதனால் தொடக்கத்திலேயே உச்ச வேகத்துக்குப் பாயும் குழுவை நான் முழுதாக நம்புவதில்லை. ஆனால் பத்து நிமிடம்தான் என்று சொல்லிவிட்டால் பாயாமல் அவர்கள் என்ன செய்வார்கள்? கூட்டத்தைப் பார்த்து, அதன் சூட்டுக்கு ஏற்பப் படிப்படியாக ஏற்றுகிற கலையை நாம்தான் வெட்டிச் சுருக்குகிறோம்.

நெருப்பையும் சொல்ல வேண்டும். ஆட்டத்துக்கு முன் வைக்கோலோ ஓலையோ காகிதமோ கொளுத்தி, பறையின் முகத்தை அதில் காட்டுவார்கள். தோல் இறுக இறுகச் சுருதி ஏறும். விரலால் தட்டிப் பார்ப்பார்கள், திருப்பி இன்னொரு ஓரத்தைக் காட்டுவார்கள், மறுபடி தட்டுவார்கள். காது திருப்தியாகும் வரை இது நடக்கும். வீணைக்குப் பிருடையைத் திருகுவது எப்படியோ, பறைக்கு இது அப்படி. குளிரூட்டிய அரங்கில் நெருப்புக்கு அனுமதி இல்லை. வாசலில் காய்ச்சிக்கொண்டு உள்ளே வந்தால் வரவேற்புரை, பொன்னாடை, நினைவுப் பரிசு என்று அரை மணி போய்விடுகிறது. அதற்குள் தோல் தளர்ந்துவிடும். கணீர் என்று விழ வேண்டிய அடி பொத்தென்று விழும், பார்ப்பவர் குழுவைக் குறை சொல்வார். இந்தச் சிக்கலுக்குப் பயந்தே பல குழுக்கள் தோலை விட்டு ஃபைபர் முகத்துக்குப் போயிருக்கின்றன. அவசரத்துக்கு அது கைகொடுக்கும். ஆனால் அதன் ஒலியில் அடிவயிறு இல்லை.

மைக் விஷயம் இதைவிட மோசம். பறைக்காரர் நின்ற இடத்தில் நிற்பதில்லை. குனிகிறார், சுழல்கிறார், வட்டம் போடுகிறார். அவருக்கு முன்னால் பேச்சாளருக்கு வைத்த மைக்கையே நிறுத்தி வைத்தால், அருகே வரும்போது இடி, விலகும்போது ஒன்றுமில்லை. ஆட்ட வெளிக்கு மேலே உயரத்தில் இரண்டு மைக்குகளைத் தொங்கவிட்டு மொத்தக் குழுவையும் பிடித்தால் பாதி சிக்கல் தீரும். நையாண்டி மேளத்திலும் இதே கதைதான். நாயனமும் தவிலும் பம்பையும் எப்படியோ தப்பிவிடும். வளைந்த குச்சியால் தோலைத் தேய்த்து உறுமியில் எழுப்பும் முனகல்தான் முதலில் காணாமல் போகும். அந்த முனகல் போனால் உறுமி வெறும் கொட்டு.

ஒலியமைப்பைச் சரியாகச் செய்து காட்டியவர்களும் இருக்கிறார்கள். 2018 ஜனவரியில் சென்னை கீழ்ப்பாக்கத்தில் 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' முதன்முதலாக மேடையேறியது. திரைப்பட இயக்குநர் பா.இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து கட்டிய குழு அது. கானாப் பாடகர்களோடு கிட்டார், டிரம்ஸ் இருந்தன, பறை, சட்டி, கட்டமோளம் ஆகிய கொட்டு வாத்தியங்களும் இருந்தன. இந்தக் கொட்டு வாத்தியங்களை அழகுக்காக ஓரத்தில் நிறுத்தவில்லை. பாட்டின் முதுகெலும்பே அவைதான், கிட்டார் அவற்றைச் சுற்றி நடந்தது. சாவு வீட்டோடு சேர்த்தே பார்க்கப்பட்ட வாத்தியங்களுக்கு, ராக் கச்சேரிக்குத் தரும் அதே ஒலி அக்கறை கிடைத்தபோது அவை எவ்வளவு கூர்மையாகக் கேட்டன என்பதுதான் அந்தக் குழு தந்த பெரிய பாடம். 2020 டிசம்பரில் நீலம் தொடங்கிய 'மார்கழியில் மக்களிசை' என்ற இசைவிழா அந்த அக்கறையை மற்ற கலைஞர்களுக்கும் கொண்டுபோனது.

பறையை மேடைக்குக் கொண்டுவந்தது நகரம் மட்டுமல்ல என்பதையும் மறக்கக் கூடாது. திண்டுக்கல் சக்தி கலைக்குழுவில் தலித் பெண்கள் பறையைக் கையிலெடுத்தார்கள். ஆண்கள் மட்டுமே, அதுவும் சாதிக் கடமையாகச் சுமத்தப்பட்டு அடித்துவந்த வாத்தியம் அது. அவர்கள் அதைத் தாங்களாக விரும்பி, நிமிர்ந்து நின்று அடித்தார்கள். அலங்காநல்லூர் வேலு ஆசான் பறையில் பல தலைமுறை மாணவர்களை உருவாக்கியவர். 2025இல் அவருக்குப் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. விருது வந்தது மகிழ்ச்சி. அதற்குப் பிறகாவது விழா நடத்துபவர்கள் பழக்கத்தை மாற்ற வேண்டும்.

வரும் தையில் விழா நடத்தப்போகிறவர்களிடம் என் கோரிக்கை இதுதான். குழுவுக்கு முக்கால் மணி நேரமாவது கொடுங்கள். உரைகளை ஆட்டத்துக்குப் பிறகு வையுங்கள். காய்ச்சுவதற்கு மேடைக்குப் பக்கத்திலேயே இடம் ஒதுக்குங்கள். உயர மேடையைத் தவிர்த்துத் தரையில், மூன்று பக்கமும் கூட்டம் சூழ ஆட விடுங்கள். அழைப்பிதழில் "பறையாட்டம் – குழுவினர்" என்று முடித்துவிடாதீர்கள். சபா கச்சேரி என்றால் கடம், கஞ்சிரா வரை பெயர் போடுகிறோம். இங்கேயும் அடிக்கிற ஒவ்வொருவரின் பெயரும் வரட்டும், முன்னால் நின்று அடியை மாற்றுபவர் யார் என்பதும் வரட்டும். அப்போதுதான் அடுத்த வருடம் அதே ஆளைத் தேடி வந்து, போன தடவையைவிட எப்படி அடிக்கிறார் என்று நம்மால் பேச முடியும்.